ஊடுருவாக் கண் காயங்கள்: வரலாறு, காரணங்கள், தடுப்பு

கண்ணின் வெளிச்சுவர் முழு ஆழத்துக்குக் கிழிந்துவிடாமல், அடியாலோ உரசலாலோ தூசியாலோ கண்ணுக்கு ஏற்படும் பாதிப்புகள் ஊடுருவாக் கண் காயங்கள் எனப்படும். பந்து படுதல், கட்டை தெறித்தல், மாட்டின் வால் வீசிப் படுதல், நெற்கதிரின் கூர் கீறுதல், கரும்புச் சோகை உரசுதல் ஆகியவை இவற்றுக்கு எடுத்துக்காட்டுகள். கத்தியோ முள்ளோ கண்ணைத் துளைத்தால் எவரும் உடனே மருத்துவமனைக்கு ஓடுவர். ஊடுருவாக் காயத்தில் பெரும்பாலும் இரத்தம் வெளியே தெரிவதில்லை. வலியும் சில மணி நேரத்தில் குறைந்துவிடலாம். அதனால் "சின்ன அடிதானே" என்று விட்டுவிடும் வழக்கம் உள்ளது. பார்வை பறிபோன பல நேர்வுகளின் தொடக்கம் இந்த அலட்சியமே.

கண் காயங்கள் குறித்து உலக நலவாழ்வு நிறுவனத்திற்காகத் தொகுக்கப்பட்டு 1998இல் வெளியான மதிப்பீட்டின்படி, ஒருவரின் அன்றாட வேலையை ஒரு நாளுக்கு மேல் தடுக்கும் அளவிலான கண் காயங்கள் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5.5 கோடி நிகழ்கின்றன. காயத்தால் ஒரு கண்ணில் பார்வை இழந்தோர் அல்லது பார்வை குன்றியோர் ஏறத்தாழ 1.9 கோடிப் பேர். இருகண் பார்வையும் இழந்தோர் 16 லட்சம் பேர்.

பெயரும் வகைப்பாடும்

கண் காயங்களுக்கு நெடுங்காலம் ஒரே சீரான பெயர்கள் இல்லை. ஒரு மருத்துவர் "ஊடுருவிய காயம்" என்று எழுதியதை மற்றொருவர் வேறு பொருளில் எடுத்துக்கொண்டார். இக்குழப்பத்தை நீக்கும் முயற்சியாக ஃபெரென்ஸ் குன் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1996இல் பர்மிங்காம் கண் காயச் சொற்றொகுதியை வெளியிட்டனர். அதன்படி கண் காயங்கள் திறந்த கோளக் காயம், மூடிய கோளக் காயம் என இரண்டாகப் பிரியும். விழிக்கோளத்தின் சுவர் முழு ஆழத்துக்குப் பிளந்தால் அது திறந்த காயம்; பிளக்காவிட்டால் மூடிய காயம்.

1997இல் வந்த மற்றொரு வகைப்பாடு மூடிய காயங்களை மேலும் பிரித்தது. அவை: மழுங்கிய பொருள் மோதுவதால் வரும் கன்றிய காயம், சுவரின் ஒரு பகுதி ஆழம் மட்டும் கிழியும் காயம், மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் அயற்பொருளால் வரும் காயம், இவை கலந்த காயம். சுண்ணாம்பு, அமிலம் போன்றவற்றால் வரும் வேதிப் புண்களும், பற்றவைப்பு ஒளியால் வரும் சூட்டுப் புண்களும் தனிப்பிரிவாக வைக்கப்படுகின்றன. ஆயினும் தடுப்பு முறைகள் பெரும்பாலும் பொதுவானவை என்பதால் அவற்றையும் இங்குச் சேர்த்துக் காண்பது பொருந்தும்.

அடி விழும்போது கண்ணுக்குள் நடப்பது

விழிக்கோளம் நீர்மம் நிறைந்த ஒரு பை போன்றது. நீர்மத்தை அழுத்திச் சுருக்க முடியாது. முன்புறம் பந்தோ முட்டியோ மோதும்போது கண் முன்பின்னாகச் சப்பையாகிறது. நடுப்பகுதி பக்கவாட்டில் விரிகிறது. இந்த ஒரு நொடி விரிவில் உள்ளே உள்ள மென்மையான உறுப்புகள் இழுபடுகின்றன.

முதலில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் கதிராளியின் அடிப்பகுதி. அங்குள்ள நுண்குழாய்கள் கிழிந்தால் கருவிழிக்குப் பின்னுள்ள முன்னறையில் இரத்தம் தேங்கும். நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது அது கருவிழியின் அடியில் சிவப்புக் கோடு போலப் படிந்து தெரியும். இந்த இரத்தம் சில நாட்களில் தானே வடிந்துவிடக்கூடும். ஆனால் முதல் ஐந்து நாட்களுக்குள் மீண்டும் கசிவு ஏற்படுவதுண்டு. இரண்டாவது கசிவு முதலாவதைவிடக் கூடுதலாக இருக்கும். கண்ணழுத்தம் ஏறினால் பார்வை நரம்பு கெடும்.

விழிலென்சு இடம் நகரலாம். சில வாரங்களிலோ ஆண்டுகளிலோ கண்புரை தோன்றலாம். விழித்திரையில் கிழிசல் ஏற்பட்டுப் பின்னாளில் அது பிரிந்துவரலாம். கண்குழியின் அடித்தள எலும்பு மெல்லியது. அது முறிந்தால் காட்சி இரண்டாகத் தெரியும். எனவே அடிபட்ட அன்று பார்வை நன்றாக இருப்பதால் மட்டும் கண் நலமாக உள்ளது என்று முடிவுகட்ட இயலாது.

பழைய மருத்துவ மரபில் கண் அடி

கண்ணில் படும் அடியைத் தனியாகக் கவனிக்கும் வழக்கம் இந்திய மருத்துவத்தில் பழமையானது. சுசுருத சங்கிதையின் உத்தர தந்திரத்தில் கண் நோய்களை விளக்கும் அத்தியாயங்களோடு, கண்ணில் அடிபடுவதற்கென்றே ஓர் அத்தியாயம் உள்ளது. சித்த மருத்துவத்தில் கண் நோய்களை 96 என எண்ணும் மரபு உண்டு. அகத்தியர் பெயரில் வழங்கும் நயனவிதி கண் மருத்துவத்துக்கான நூலாகும்.

நூல் மரபு ஒருபுறமிருக்க, ஊர்களில் வழங்கிய கைப்பழக்கம் வேறாக இருந்தது. கண்ணில் தூசி விழுந்தால் வாயால் ஊதுவது, நாக்கால் தடவி எடுப்பது, தாய்ப்பால் பீச்சுவது, இலைச்சாறு பிழிவது, விளக்கெண்ணெய் விடுவது ஆகியவை தமிழகக் கிராமங்களில் பரவலாக இருந்தன. மருத்துவர் பல கல் தொலைவில் இருந்த காலத்தில் கைக்கு எட்டியதைக் கொண்டு வலியைத் தணிக்கச் செய்த முயற்சிகள் இவை. எனினும் கீறல் விழுந்த கருவிழியில் வாயிலுள்ள கிருமியும் இலையிலுள்ள பூஞ்சையும் எளிதில் குடியேறும் என்பது பின்னாளில் தெளிவாயிற்று.

சென்னையும் புதுச்சேரியும்

தென்னிந்தியாவில் ஐரோப்பிய முறைக் கண் மருத்துவம் 1819இல் சென்னைக் கண் மருத்துவமனையோடு தொடங்கியது. 1805இல் லண்டனில் தொடங்கிய மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனைக்கு அடுத்தபடியாக உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. இன்று அது எழும்பூரில் அரசு கண் மருத்துவமனையாகவும் மண்டலக் கண் மருத்துவ நிறுவனமாகவும் இயங்குகிறது.

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் 1823இல் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவிடம் வந்தபின், அப்பள்ளி 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாயிற்று. 1964இல் ஜிப்மர் என்னும் பெயரைப் பெற்றது. மதுரையில் 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் புதுச்சேரிக் கிளை 2003இல் தவளக்குப்பத்தில் திறக்கப்பட்டது. இவ்வாறு வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் பகுதிகளின் மக்களுக்குப் பேருந்து தொலைவிலேயே உயர்நிலைக் கண் மருத்துவம் கிடைக்கும் நிலை உருவாயிற்று. இங்குள்ள சிக்கல் மருத்துவமனை இல்லாமை அன்று. காயம்பட்டவர் அங்குப் போய்ச்சேர எடுத்துக்கொள்ளும் காலமே.

காயத்தைக் காண உதவிய கருவிகள்

மூடிய காயத்தை அறிய வேண்டுமானால் கண்ணின் உட்புறத்தைக் காண வேண்டும். ஜெர்மானிய அறிஞர் எல்ம்கோல்ட்சு 1851இல் கண் உள்நோக்கியை அறிமுகப்படுத்தும்வரை உயிருள்ள மனிதரின் விழித்திரையைத் தெளிவாகப் பார்க்கும் வழி இல்லை. அதன்பின் கண்டறிதல்கள் விரைவாக வந்தன. அடிபட்ட கண்ணின் விழித்திரை வெளுத்து வீங்குவதை ருடால்ஃப் பெர்லின் 1873இல் விளக்கினார். கதிராளியின் அடிப்பகுதி அடியால் கிழிந்து பின்வாங்குவதை டிரீச்சர் காலின்சு 1892இல் எழுதினார். அந்தக் கிழிசலுக்கும் பல ஆண்டுகள் கழித்து வரும் கண்ணழுத்த நோய்க்கும் உள்ள தொடர்பு 1962இல்தான் உறுதிப்பட்டது. அடிபட்டவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கண்ணழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் கூறுவதற்குக் காரணம் இதுவே.

1871இல் அடால்ஃப் ஃபான் பேயர் உருவாக்கிய புளோரசீன் என்னும் சாயம் கண் மருத்துவத்துக்குப் பெருங்கொடையாயிற்று. கருவிழியின் மேல்தோல் உரிந்த இடத்தில் இச்சாயம் ஒட்டிக்கொண்டு நீல ஒளியில் பச்சையாக ஒளிரும். வெறுங்கண்ணுக்குத் தெரியாத கீறலும் இதில் தெரிந்துவிடும். 1911இல் குல்ஸ்ட்ராண்ட் அறிமுகப்படுத்திய பிளவு விளக்கு கருவிழியைப் படலம் படலமாகக் காண உதவியது.

வயலிலிருந்து வந்த பூஞ்சை

1879இல் ஜெர்மனியில் தியோடர் லேபர் ஒரு நேர்வைப் பதிவு செய்தார். கதிரடிக்கும் இயந்திரத்தில் வேலை செய்த ஓர் உழவுத் தொழிலாளியின் கண்ணில் ஓட்ஸ் தானியத்தின் உமி தெறித்தது. கண் துளைபடவில்லை, கீறல் மட்டுமே. ஆனால் அக்கீறல் புண்ணாகிச் சீழ் கட்டியது. அப்புண்ணில் வளர்ந்தது அசுபெர்சில்லசு என்னும் பூஞ்சை. கருவிழிப் பூஞ்சைப் புண் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பாக இது கருதப்படுகிறது.

ஓட்ஸ் உமிக்குப் பதிலாக நெல் உமி என்று வைத்துக்கொண்டால் அது தென்னிந்திய நெற்களத்தின் கதையே. பயிர்க்கழிவிலும் ஈரமண்ணிலும் வாழும் பூஞ்சைக்குக் கருவிழியின் மேல்தோல் ஒரு கதவு. கதவு மூடியிருக்கும்வரை அதனால் எளிதில் நுழைய முடியாது. ஒரு மயிரிழைக் கீறல் அதைத் திறந்துவிடுகிறது.

மடுகரை வட்டாரத்தில் காயத்தின் பருவங்கள்

மடுகரை புதுச்சேரியின் நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சேர்ந்த ஊர். நெல்லும் கரும்பும் இவ்வட்டாரத்தின் முதன்மைப் பயிர்கள். மல்லாட்டை எனப்படும் நிலக்கடலை, உளுந்து, சவுக்கு ஆகியவையும் இப்பகுதியில் விளைவன. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெல் மூன்று பருவங்களில் வருவதால் அறுவடையும் ஆண்டில் பலமுறை வருகிறது. அதனோடு கண் காயத்துக்கான வாய்ப்பும் சேர்ந்தே வருகிறது.

நடவின்போது சேறு தெறிக்கும். களையெடுப்பில் குனிந்த முகத்துக்கு நேராகப் பயிரின் நுனி நிற்கும். அறுவடையில் கதிரின் கூர் படும். களத்தில் தூற்றும்போது காற்றடிக்கும் திசைக்கு எதிரே நிற்பவரின் கண்ணில் கருக்காயும் சுணையும் விழும். அறுவடை இயந்திரங்கள் வந்தபின் கதிரடிப்பு வேலை குறைந்தாலும், இயந்திரத்தின் பின்னே பறக்கும் தூசியில் வைக்கோல் கட்டுவோரும் மூட்டை பிடிப்போரும் நிற்கின்றனர். கரும்புத் தோட்டத்தில் சோகை உரிப்பது கண்ணுக்கு மிகவும் ஆபத்தான வேலை. இலையின் ஓரம் அரம் போன்றது. மாடு கறக்கும்போதும் வண்டல் அள்ளும்போதும் விறகு பிளக்கும்போதும் நேரும் அடிகள் இவற்றுக்கு மேல்.

இவ்வேலைகளில் பெரும்பகுதியைச் செய்வோர் நாட்கூலிகள். களையெடுப்பும் நடவும் பெண்களின் வேலையாகவே உள்ளன. கண் உறுத்துகிறது என்று அரைநாள் விட்டுச் சென்றால் அன்றைய கூலி போய்விடும். மாலையில் வீடு திரும்பியபின் பேருந்து பிடித்துப் போக நேரமிராது. மறுநாளும் வேலை. மூன்றாம் நாள் கண் சிவந்து வெண்புள்ளி தோன்றியபின்தான் பலர் மருத்துவரிடம் செல்கின்றனர். காயம் சிறியதாயினும் காலம் தாழ்வதால் அது பெரிதாகிறது.

தமிழக ஆய்வுகள் காட்டுவது

அரவிந்த் கண் மருத்துவமனை தமிழகத்தின் மூன்று தென்மாவட்டங்களின் கிராமங்களில் நடத்திய விரிவான கண் ஆய்வில், 40 வயதைக் கடந்த 5,150 பேர் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 4.5 விழுக்காட்டினர் முன்பு கண்ணில் காயம்பட்டவர்கள். அக்காயங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மழுங்கிய பொருளால் வந்தவை. ஏறக்குறைய பாதி வேளாண் வேலையின்போது நேர்ந்தவை. 2004இல் வெளியான இவ்வாய்வு, கண் காயம் என்றாலே தொழிற்சாலை என்று எண்ணும் பழக்கத்தை மாற்றுகிறது.

1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் மருத்துவமனைக்கு வந்த கருவிழிப் புண் நோயாளிகள் 434 பேர். அவர்களில் ஏறத்தாழ மூவரில் இருவர் அதற்குமுன் கண்ணில் காயம்பட்டதாகக் கூறினர். வளர்ப்புச் சோதனையில் கிருமி தென்பட்டவர்களுள் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறக்குறைய சமமாக இருந்தன. குளிர்நாடுகளில் பூஞ்சைப் புண் அரிது. இங்கு அது பாதி.

பூஞ்சைப் புண்ணுக்கு எந்த மருந்து சிறந்தது என்பதைக் காண நடந்த பெரிய ஆய்வில் மதுரை, கோவை மருத்துவமனைகளோடு புதுச்சேரி அரவிந்த் மருத்துவமனையும் பங்கேற்றது. 323 நோயாளிகள் சேர்க்கப்பட்ட அவ்வாய்வின் முடிவு 2013இல் வெளியாயிற்று. புதிய மருந்தான வோரிகோனசோலைவிடப் பழைய மருந்தான நாட்டாமைசின் சொட்டு மருந்தே சிறந்தது என்று அது காட்டியது. எனினும் எம்மருந்தாலும் தழும்பை முழுவதும் நீக்க முடியாது. கருவிழியின் நடுவே வெண்தழும்பு விழுந்தால் கருவிழி மாற்று அறுவை ஒன்றே வழி. அதற்கு ஒருவர் இறந்தபின் தம் கண்ணைக் கொடுத்திருக்க வேண்டும்.

கீறலிலேயே நிறுத்தும் முயற்சி

புண்ணாகும் முன்பே கீறலைக் குணப்படுத்த முடியுமா என்னும் கேள்விக்கு முதலில் விடை தேடியவர்கள் நேபாளத்தின் பக்தபூர் பகுதியினர். அங்குப் பயிற்சி பெற்ற கிராம நலப்பணியாளர்கள் கண்ணில் காயம்பட்டவர்களை ஊரிலேயே பார்த்தனர். சாயமிட்டுக் கீறல் தெரிந்தால் குளோராம்பெனிக்கால் களிம்பை நாளுக்கு மூன்று முறை என மூன்று நாட்கள் இட்டனர். 2001இல் வெளியான முடிவின்படி, களிம்பு பெற்ற 442 பேரில் 96 விழுக்காட்டினருக்குத் தொற்று இன்றிக் குணமாயிற்று. காயம்பட்ட 18 மணி நேரத்துக்குள் களிம்பு பெற்ற 284 பேரில் ஒருவருக்கும் புண் வரவில்லை.

இதே முறை தமிழகத்திலும் ஏறத்தாழ 48 ஆயிரம் மக்கள் கொண்ட ஊராட்சிகளில் செய்து பார்க்கப்பட்டது. 18 மாதங்களில் 1,365 பேர் கண் காயத்தைத் தெரிவித்தனர். 374 பேருக்குக் கருவிழியில் கீறல் இருந்தது. ஒரு பிரிவினருக்குப் பாக்டீரியா எதிர்ப்புக் களிம்போடு பூஞ்சை எதிர்ப்புக் களிம்பும், மற்றப் பிரிவினருக்குப் பாக்டீரியா எதிர்ப்புக் களிம்பு மட்டும் தரப்பட்டன. இரு பிரிவினரும் ஒன்றுபோலவே குணமடைந்தனர்.

ஆனால் பிற்காலத்தில் நேபாளத்தின் 24 ஊராட்சிப் பகுதிகளில் நடந்து 2022இல் வெளியான பெரிய ஆய்வில், இத்திட்டம் நடந்த ஊர்களில் கருவிழிப் புண் குறைந்ததாகத் தெரியவில்லை. எனவே களிம்பைக் கொடுத்துவிட்டால் போதும் என்று சொல்லிவிட முடியாது. முதலில் காயம் நேராமல் தடுப்பதே உறுதியான வழி.

சிறுவர்களும் விளையாட்டும்

சிறுவர்களின் கண் காயங்களுக்கு வீடும் தெருவுமே களம். கிட்டிப்புள், கவண், வில்லம்பு, கிரிக்கெட் பந்து, தீபாவளிப் பட்டாசு ஆகியவை வழக்கமான காரணங்கள். வெற்றிலைக்கான சுண்ணாம்பு அடைத்த சிறு பாக்கெட்டை அழுத்தி விளையாடும் குழந்தையின் கண்ணில் அது பீறிட்டு விழுவதும் இந்தியாவில் அடிக்கடி பதிவாகும் விபத்து. சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. அமிலத்தைவிட ஆழமாகக் கருவிழியைத் தின்னும்.

பயின்ற விளையாட்டு வீரரும் விலக்கல்லர். 2000ஆம் ஆண்டு டாக்காவில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்திய விக்கெட் காப்பாளர் சபா கரீமின் வலக்கண்ணில் பந்து பட்டது. அவருடைய ஆட்ட வாழ்க்கை அதன்பின் நீளவில்லை.

தடுப்பு சாத்தியம் என்பதற்குக் கனடாவின் பனி வளைதடி ஆட்டம் நல்ல சான்று. அங்கு 1974-75 ஆட்டப் பருவத்தில் மட்டும் 257 கண் காயங்கள் பதிவாயின. 43 கண்கள் பார்வை இழந்தன. மருத்துவர் டாம் பாஷ்பியின் இடைவிடாத முயற்சியால் சிறுவர் ஆட்டங்களில் முகக்கவசம் கட்டாயமாயிற்று. அதன்பின் அவ்வாட்டத்தில் கண் இழப்பு மிக அரிதாகிவிட்டது. அறிவுரையைவிட விதிக்கு வலிமை உண்டு என்பதை இது காட்டுகிறது.

சட்டமும் அதன் எல்லையும்

இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 35ஆம் பிரிவு, துகள் தெறிக்கும் வேலையிலும் கடும் ஒளி உள்ள வேலையிலும் தொழிலாளியின் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியோ திரையோ தர வேண்டும் என்றது. கதிரடிக்கும் இயந்திரங்களால் கை கால் இழப்போர் பெருகியதால் 1983இல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஆனால் வயலில் குனிந்து களையெடுப்பவரின் கண்ணைக் காக்கும் பொறுப்பு எச்சட்டத்திலும் எவர் மீதும் தெளிவாக வைக்கப்படவில்லை. கரும்பு வெட்டுபவரும் களை எடுப்பவரும் தொழிற்சாலைக் கூரையின்கீழ் வேலை செய்வதில்லை. ஊராட்சிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் பள்ளிகளும் இந்த இடைவெளியை நிரப்பலாம். மண்வெட்டி, அரிவாளோடு பாலிகார்பனேட் கண்ணாடியும் வேளாண் கருவியாக எண்ணப்பட வேண்டும்.

செய்ய வேண்டியவையும் கூடாதவையும்

தூசியோ உமியோ விழுந்தால் கண்ணைக் கசக்கக் கூடாது. தூய நீரில் கண்ணைத் திறந்து கழுவ வேண்டும். சுண்ணாம்பு, பூச்சிமருந்து, அமிலம் பட்டால் உடனே தொடர்ந்து அரைமணி நேரமாவது ஓடும் நீரில் கழுவிவிட்டு, பிறகுதான் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். கருவிழியில் ஒட்டிக்கொண்ட துகளைத் துணியாலோ குச்சியாலோ நாக்காலோ எடுக்க முயலக் கூடாது.

பந்தோ கட்டையோ பட்டால் கண்ணை அழுத்தாமல், காகிதக் குவளையின் அடிப்பகுதி போன்ற ஒன்றைக் கண்குழி எலும்பின் மேல் ஊன்றுமாறு வைத்து மறைத்து, தலையை உயர்த்தியபடி அழைத்துச் செல்ல வேண்டும். இரத்தக்கசிவை மிகுவிக்கும் என்பதால் ஆஸ்பிரின் தரக் கூடாது.

மருந்துக்கடையில் "கண் சிவப்புக்கு" என்று கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு. அவை முதலில் சிவப்பையும் வலியையும் குறைக்கும். பூஞ்சை இருந்தால் அதை வளர்த்துவிடும். பயிர்வேலையில் கீறல்பட்ட கண்ணுக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை.

காயம்பட்ட அன்றே மருத்துவரைக் காண வேண்டிய அறிகுறிகள்: பார்வை மங்குதல், வெளிச்சம் பார்க்க முடியாமை, இரண்டிரண்டாகத் தெரிதல், மின்னல் போன்ற ஒளிக்கீற்றுகள், கண்ணில் திரை விழுந்தது போன்ற உணர்வு, கருவிழியில் வெண்புள்ளி, கருவிழியின் அடியில் இரத்தக்கோடு, பாவையின் வடிவம் மாறுதல், 24 மணி நேரத்தில் தீராத உறுத்தல். சிறுவர்கள் அடிபட்டதை மறைப்பர் என்பதால் பெற்றோரும் ஆசிரியரும் ஒரு கண்ணை மூடச்சொல்லி மறு கண்ணால் எழுத்தைப் படிக்கவைத்துப் பார்க்கலாம்.

கருவிழியின் மேல்தோல் இயல்பாகவே விரைந்து வளரக்கூடியது. சிறு கீறல் சுத்தமாக இருந்தால் ஓரிரு நாளிலேயே மூடிக்கொள்ளும். அந்த ஓரிரு நாளில் கிருமி நுழையாமல் காப்பதே மருத்துவம் முழுவதும். லேபர் கண்ட உழவுத் தொழிலாளிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அன்று நோய்க்கிருமியை எதிர்க்கும் களிம்பே கிடையாது. இன்று மடுகரையிலிருந்து தவளக்குப்பத்துக்கோ ஜிப்மருக்கோ செல்லப் பேருந்துப் பயணம் ஒன்றே போதும். ஒருநாள் கூலியை இழந்து அந்தப் பயணத்தை மேற்கொள்ள ஒரு தொழிலாளியால் முடிகிறதா என்பதில்தான் அவருடைய கண் இருக்கிறது.